உப்புத்தாள் வட்டு

பட்டறை எரிஞ்சதுக்கு யார் காரணம்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். மாமாதான். மாமாவையே கூப்பிட்டுக் கேட்டாலும் நான்தான்னு சொல்லித் தலையைக் குனிஞ்சுக்குவார். அதுல யாருக்கும் துளி சந்தேகம் இல்ல. சிராய்க்கு மட்டும் தெரியும், மாமா இல்லன்னு. ஏன்னா அது அவ பண்ண வேலை.

சிராய்ங்கறது அவ நிஜப் பேர் இல்ல. மாமா வெச்சது. ஒரு கேள்வி கேக்க ஆரம்பிச்சா நகக்கண்ணுல ஏறுன சிராய் மாதிரி உள்ள போய் உக்காந்துக்குவா, ஊசி வெச்சுக் குத்தினாலும் வரமாட்டாம்பார். பதினாறு வயசாகியும் அந்தப் பேர் போகல. அப்பாவுக்குக் கப்பல்ல வேலை. அவர் போன் பண்ணாலும் ‘சிராய் எங்க’ன்னுதான் ஆரம்பிப்பார்.

பட்டறை அம்மாவோடது. மரம் கடையுற பட்டறை. சந்து முனையில தகரக் கூரை போட்ட ஒரே ரூம், முன்னால ஷட்டர், பின்னால ஒரு கதவு. மாடிப்படிக் கைப்பிடிக்குக் கீழ வரிசையா நிக்குமே, அந்தக் கால், கட்டில் கால், மேஜைக் கால், எப்பவாவது ஆசைக்கு ஒரு கிண்ணம். அம்மா ஒரு கடைசல் லேத்துல, மாமா இன்னொண்ணுல. மாமா அம்மாவுக்குக் கூடப்பொறந்த தம்பி. அவரும் அத்தையும் இவங்க வீட்டு மாடியிலதான் இருக்காங்க. அத்தை வீட்டுலயே துணி தைப்பாங்க. காலையில மேல தையல் மெஷின் ஓடுற சத்தமும், சந்து முனையில லேத்து ஓடுற சத்தமும் ஒண்ணா ஆரம்பிக்கும்.

கடைஞ்சு முடிச்ச சாமானுக்கு உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குறது சிராய் வேலை. ஸ்கூல் விட்டு வந்ததும் அதுதான். உருண்டையா இருக்குற பாகம் பிரச்சனை இல்ல, லேத்துல சுத்தும்போதே தாளைப் பிடிச்சா போதும். ஆனா ஒவ்வொரு காலுக்கும் மேலயும் கீழயும் சதுரமா ஒரு பாகம் வரும். அதை லேத்துல வெச்சுத் தேய்க்க முடியாது, கையாலதான் தேய்க்கணும். தேய்ச்சுத் தேய்ச்சு அவ விரல் நுனியே மழுங்கிப் போச்சு. ஸ்கூல்ல கைரேகை வெக்குற மெஷின் ஒரு நாள் அவளை ஏத்துக்கவே இல்ல.

“உனக்கு விரலே இல்லன்னு சொல்லுதும்மா இது”ன்னாங்க டீச்சர்.

அன்னிக்குத்தான் முடிவு பண்ணா, இனிமே கையால தேய்க்கறதில்லன்னு.

போன்ல நாலஞ்சு வீடியோ பாத்தா. பிளைவுட் துண்டு ஒண்ணை வட்டமா அறுத்து, லேத்து முனையில திருகி மாட்டுற இரும்புத் தட்டுல ஸ்க்ரூ போட்டு இறுக்கினா. ஓடவிட்டு, உளியாலயே விளிம்பைச் சுத்தமாக்கினா. அது மேல பசை தடவி முரட்டு உப்புத்தாளை ஒட்டினா. அதுதான் முதல் வட்டு. ஸ்விட்சைப் போட்டதும் தாள் பிச்சுக்கிட்டுப் பறந்து போய் மாமா நெத்தியில அறைஞ்சுது.

“என்னைத் தேடி வந்து வணக்கம் வெச்சுட்டுப் போகுதே உன் மெஷின்”ன்னார் மாமா, நெத்தியைத் தடவிக்கிட்டு. “அடுத்தது மெதுவா சுத்தட்டும். வந்தா நின்னு பேசிட்டுப் போகும்.”

ரெண்டாவது தடவை பசையை மெல்லிசா இழுத்து, மேல ரெண்டு செங்கல்லைப் பாரம் வெச்சு நல்லா காயவிட்டா. உளியைச் சாய்ச்சுப் பிடிக்கிற தாங்கியைக் கழட்டிட்டு அதே கம்பத்துல ஒரு சின்ன பலகையை மேஜை மாதிரி பொருத்தினா. அந்தப் பலகை மேல மரக் காலைப் படுக்க வெச்சு, சுத்துற வட்டுல லேசா அழுத்தினா போதும். கையால அரை மணி நேரம் இழுக்குற வேலை கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுது. அதோட விட்டாளா, ஒரு உருளை செஞ்சு அதுல தாளைச் சுத்தினா, வளைவுகளுக்கு. கிண்ணத்தோட உள்பக்கத்துக்கு, சின்னக் கட்டை ஒண்ணுல செருப்போட ரப்பரை வட்டமா வெட்டி ஒட்டினா. அம்மா ரெண்டு நாள் ஒத்தைச் செருப்பைத் தேடினாங்க. கடைசியில அது லேத்துல சுத்திக்கிட்டு இருந்துச்சு.

“படிப்பைத் தவிர மத்ததுலல்லாம் மூளை நல்லாத்தான் ஓடுது இவளுக்கு”ன்னாங்க அம்மா. ஆனா அன்னிக்கே அந்த வட்டை வாங்கி இருபது காலைத் தேய்ச்சுப் பாத்தாங்க. பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அம்மா ஒண்ணும் சொல்லலன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.

ஒரே கஷ்டம் தூசி. மாவு மாதிரி பொடி ரூம் பூரா பறந்துச்சு. அதுக்கும் சிராய் ஒரு வழி கண்டுபிடிச்சா. பட்டறையில தூசி ஊதுறதுக்கு ஒரு ப்ளோவர் இருந்துச்சு. அதைத் திருப்பி மாட்டினா ஊதாம உறிஞ்சும். அதுக்கு ஒரு குழாயைச் சேத்து, குழாயோட வாயை அந்தச் சின்ன மேஜைக்கு அடியில வெச்சா. வட்டு முன்பக்கம் கீழ்நோக்கிச் சுத்துறதால தூசி தானா அந்த வாய்க்குள்ள இறங்கிடும். அந்தப் பக்கம் வந்து விழ ஒரு பை வேணும். அத்தைதான் ரெண்டு பழைய தலையணை உறையைச் சேத்துத் தைச்சுக் குடுத்தாங்க. அந்தப் பை பின்கதவுக்குப் பக்கத்து மூலையில, வார்னிஷ் டப்பா அடுக்கி வெச்ச பலகைக்குக் கீழ, தொப்பை மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும்.

அம்மா ஒரே ஒரு சட்டம் போட்டாங்க.

“மரத்தைத் தவிர வேற எதையும் அதுல வெக்காத. தாள் பாழாப் போயிடும்.”

தாள் பாழாப் போயிடும்னுதான் சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. அவங்களுக்கும் வேற ஒண்ணும் தெரியாது. அந்த வார்த்தையை சிராய் அப்புறம் எத்தனையோ தடவை மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தா, அதுல தனக்கு ஒளிஞ்சுக்க ஒரு இடுக்கு கிடைக்குமான்னு. கிடைக்கல. வெக்காதன்னு சொன்னாங்க, அவ வெச்சா. அவ்வளவுதான்.

அவளோட சைக்கிள் மட்கார்டுல ஒரு போல்ட் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. போகும்போதும் வரும்போதும் யூனிபார்மைக் கிழிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒரு சாயங்காலம் அம்மா சாமான் டெலிவரிக்குப் போயிருந்தாங்க. மாமா முன்பக்கம் ஷட்டர்கிட்ட உக்காந்து யாரோ கஸ்டமர் கூட பேசிக்கிட்டு இருந்தார். சிராய் அந்த போல்ட்டைக் கழட்டிக் குறட்டுல பிடிச்சு வட்டுல வெச்சா.

நுனி தேஞ்சு மழுங்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும், ஒரு நிமிஷம்கூட ஆயிருக்காது. ஆனா அவ நிறுத்தல. ஏன்னா பொறி வந்துச்சு. ஆரஞ்சு கலர்ல, கொத்துக் கொத்தா, அவ்வளவு அழகா. ஒண்ணுகூட மேல தெறிக்கல. எல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு குழாய் வாய்க்குள்ள இறங்கிச்சு. நம்ம செஞ்சது எவ்வளவு சுத்தமா வேலை செய்யுதுன்னு அவளுக்கு ஒரே பெருமை. போல்ட் வேணுங்கற அளவைத் தாண்டிப் பாதியாத் தேஞ்சதுக்கப்புறம்தான் ஸ்விட்சை அணைச்சா.

அதுதான் அவளால தாங்க முடியாத விஷயம். தெரியாம நடந்துச்சுன்னு சொல்லிக்கலாம். ஆனா அழகா இருக்குன்னு நின்னு வேடிக்கை பாத்தாளே, அதை யார்கிட்ட என்னன்னு சொல்றது.

அன்னிக்கு மழை. மாமா வழக்கமா பின்கதவுக்கு வெளிய நின்னுதான் சிகரெட் பிடிப்பார். மழைங்கறதால கதவுக்கு உள்பக்கமே, அந்தப் பைக்குப் பக்கத்துலயே நின்னு பிடிச்சார். அப்புறம் விளக்கை அணைச்சு, ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டு வந்தார்.

ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது சந்துல ஒரு பையன் கத்திக்கிட்டே ஓடி வந்தான், உங்க பட்டறையில புகை வருதுன்னு. மாமாதான் முதல்ல ஓடினார். பூட்டைத் தொறந்து உள்ள போய், வார்னிஷ் டப்பா வெடிக்காம ஒவ்வொண்ணா இழுத்து வெளிய போட்டார். இடது கையில முழங்கை வரைக்கும் கொப்புளம். பின் மூலை பூரா போச்சு. கூரைத் தகரம் நெளிஞ்சு தொங்கிச்சு. ஒரு ஹாஸ்டல் மாடிப்படிக்குன்னு முடிச்சு அடுக்கி வெச்சிருந்த கால் அத்தனையும் கரியாப் போச்சு. லேத்து ரெண்டும் ப்ளோவரும் தப்பிச்சுது, கழட்டி மூலையில வெச்சிருந்த வட்டு போச்சு.

தண்ணி ஊத்தி முடிச்சதும் மாமா அங்கயே ஈரத்துல உக்காந்துட்டார்.

“அக்கா, மழைன்னு உள்ளயே நின்னுட்டேன்”ன்னார். “அணைச்சேன்னுதான் நெனச்சேன். காலால மிதிச்சேன்கா.”

அம்மா நெளிஞ்ச தகரத்தை ஒரு தடவை அண்ணாந்து பாத்தாங்க. அப்புறம் கையை நீட்டினாங்க.

“சாவியைக் குடு.”

சிராய் ரெண்டு பேருக்கும் நடுவுல பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பை இருந்த இடத்தைப் பாத்தா. தரையில கருப்பா ஒரு வட்டம், சுவத்துல அங்கேருந்து மேல விசிறி மாதிரி கரி ஏறியிருந்துச்சு. பைக்கு உள்ளேருந்துதான் எரிஞ்சிருக்கு. அந்த நிமிஷமே அவளுக்குப் புரிஞ்சு போச்சு. வாயைத் தொறந்தா. அப்ப அத்தை மாமாவோட கையைப் பாத்து அழ ஆரம்பிச்சாங்க. இப்ப வேணாம், காலையில சொல்லிடலாம்னு நெனச்சுக்கிட்டா.

காலையில இன்னும் கஷ்டமா இருந்துச்சு. மறுநாள் அதைவிட. நேத்தே ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேங்கற பயமும் சேந்துக்கிச்சு. ஒவ்வொரு நாளும் ஒரு செங்கல் கூடிக்கிட்டே போச்சு.

மாமா சிகரெட்டை விட்டுட்டார். யாரும் சொல்லல, சத்தியம் கித்தியம் ஒண்ணும் இல்ல. பாக்கெட்டை எடுத்துக் குப்பையில போட்டார், அவ்வளவுதான். ராத்திரி தூக்கம் வராம மாடியில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பார். கீழ படுத்திருக்குற சிராய்க்கு அந்தக் காலடி ஒவ்வொண்ணும் கேக்கும். கை ஆறினதுக்கப்புறமும் அம்மா அவரை லேத்துல விடல. மரம் இறக்கறது, சாமான் கட்டறது, டெலிவரி, இவ்வளவுதான் அவருக்கு. அம்மா அவர்கிட்ட நேரா பேசறதையும் விட்டுட்டாங்க.

“உங்க மாமாகிட்ட சொல்லு, அந்த லாரி வந்திருக்கான்னு பாக்க.”

மாமா மூணடி தள்ளித்தான் நிப்பார்.

“உங்க அம்மாகிட்ட சொல்லு, வந்திருச்சுன்னு.”

சிராய் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாப்பா. முன்னால இதையே விளையாட்டுக்குப் பண்ணியிருந்தா மாமா ஆயிரம் ஜோக் அடிச்சிருப்பார். இப்ப ஒண்ணும் இல்ல. அவளை சிராய்னு கூப்பிடறதே குறைஞ்சு போச்சு.

ஒரு மத்தியானம் அடக்க முடியாம மாடிக்குப் போனா. அத்தை ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. மெஷின் ஓடுற சத்தத்துல சொன்னா தனக்கே கேக்காதுன்னு ஒரு தைரியம்.

“அத்தை, அது மாமா இல்ல.”

“எது?”

“நெருப்பு. நான் வட்டுல இரும்பை வெச்சேன். பொறி பைக்குள்ள போயிடுச்சு. மரத்தூள்ல பொறி விழுந்தா வெளிய தெரியாதாம் அத்தை. உள்ளயே மணிக்கணக்கா கனிஞ்சுக்கிட்டு இருக்குமாம். அப்புறமா நெட்ல தேடிப் படிச்சேன்.”

அத்தை மெஷினை நிறுத்தினாங்க. சிராய் அடி விழும்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. விழல.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத.”

சிராய் கண்ணைத் தொறந்தா. அத்தை முகத்துல கோபம் இல்ல. ஏதோ கணக்குப் போடுற மாதிரி ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன், அந்த சிகரெட் எழவை விடுங்கன்னு. டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிக் காட்டினார். அதுக்கு உங்க மாமா, போட்டோ நல்லா வந்திருக்கே, ஃப்ரேம் போடலாம்னார். இப்பதான் இருமாம தூங்கறார். தூங்கலன்னாலும் இருமாம நடக்கறார்.” குரலை இறக்கினாங்க. “பட்டறை எரிஞ்சாத்தான் அவர் விடுவார்னா, அது அவரால எரிஞ்சதாவே இருக்கட்டும்.”

“அம்மா அவரை லேத்துல விட மாட்டேங்கறாங்க அத்தை.”

“உங்க அம்மா கோபம் எத்தனை நாளைக்கு? நான் பேசிச் சரி பண்றேன். நீ வாயைத் தொறக்காத. எனக்காக.”

எனக்காகன்னு அத்தை அவகிட்ட ஒண்ணு கேட்டதே இல்ல. சரின்னு தலையாட்டினா. படி இறங்கும்போது மனசு லேசாகும்னு எதிர்பாத்தா. ஆகல. முன்னால அவ ஒருத்தி மட்டும்தான் மாமாவை ஏமாத்திக்கிட்டு இருந்தா. இப்ப அவரோட பொண்டாட்டியும் சேந்தாச்சு, அதுவும் இவளால.

ஹாஸ்டல் ஆர்டரை மொதல்லேருந்து கடைஞ்சாகணும். அம்மா ராப்பகலா நின்னாங்க. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாங்க, “அந்த வட்டை மறுபடி செஞ்சு குடு. அது இல்லாம இந்த வேலையை முடிக்க முடியாது.”

“கையாலயே தேய்ச்சுடறேம்மா.”

“எதுக்கு? விரலை எங்கயாவது வாடகைக்கு வாங்கி வெச்சிருக்கியா?”

சிராய் செஞ்சா. வேணும்னே குழாயை மாட்டாம விட்டுட்டா. ரெண்டே நாள்ல அம்மா தும்மித் தும்மி, உறிஞ்சுற குழாய் எங்கன்னு கேட்டாங்க. ப்ளோவர் ரிப்பேர்னு ஒரு பொய் சொன்னா. அம்மா ப்ளோவரை ஓடவிட்டுப் பாத்தாங்க. அது ஜோரா ஓடுச்சு. அத்தைதான் புதுப் பையையும் தைச்சுக் குடுத்தாங்க. குடுக்கும்போது அதைக் கையை விட்டு விடாம ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிட்டு சிராயைப் பாத்தாங்க.

“மரம் மட்டும்தானே?”

“மரம் மட்டும்தான் அத்தை.”

அதுலேருந்து அவளுக்கு ஸ்கூல்ல ஒண்ணும் ஏறல. தன் கை தப்புப் பண்ணாதுன்னு தெரியும். அந்த வட்டு முன்னால நிக்குற மத்தவங்க கைக்கு யார் உத்தரவாதம். தாள் பாழாப் போயிடும்ங்கறதைத் தவிர அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதே. போர்டுல டீச்சர் எழுதிக்கிட்டு இருப்பாங்க, இவ மூக்குல புகை வாசம் வர்ற மாதிரி இருக்கும். வாசல்ல சைக்கிளைப் போட்டுட்டு மொதல்ல பட்டறைக்குத்தான் ஓடுவா. பையைத் தொட்டுப் பாப்பா, சூடா இருக்கான்னு. அதை அவுத்து, தூளை வெளிய கொட்டித் தண்ணி தெளிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள போவா.

“என்னடி, பிள்ளையைத் தொட்டிலேருந்து தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போற”ன்னாங்க அம்மா ஒரு தடவை.

அப்படி ஒரு நாள் சந்துக்குள்ள திரும்பும்போதே சத்தம் மாறியிருந்துச்சு. வட்டுல மரம் பட்டா ‘உஷ்’னு பஞ்சைக் கிழிக்கிற மாதிரி கேக்கும். இது வேற. ‘கீ’ன்னு மெல்லிசா, இழுத்துப் பாடுற மாதிரி. அந்தச் சத்தத்தை அவ இதுக்கு முன்னால ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கா.

சைக்கிளை அப்படியே கீழ விட்டுட்டு ஓடினா. உள்ள அம்மா வட்டு முன்னால நின்னு உளியைச் சாணை பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பொறி கொத்துக் கொத்தா மேஜைக்கு அடியில இறங்குது. ஷட்டர் பக்கத்துல மாமா கீழ உக்காந்து கால்களைக் காகிதத்துல சுத்திக்கிட்டு இருந்தார்.

“பாருடி, தாள் எப்படியும் தேஞ்சு போச்சு, மாத்தத்தான் போறோம். உளி தீட்டவாவது ஆகட்டும்னு—”

சிராய் ஸ்விட்சை அணைச்சா. மூலைக்குப் போய் பையைக் குழாயோட பிச்சு எடுத்து, பின்கதவை உதைச்சுத் தொறந்து, வெளிய சிமெண்ட் தரையில கவுத்தா. தூள் ஒரு குவியலா விழுந்துச்சு. ஒண்ணும் இல்ல. சாதாரண மரத்தூள்.

“உனக்கென்ன பைத்தியமா?” அம்மா பின்னாலயே வந்துட்டாங்க.

சிராய் ஒரு குச்சியால குவியலைக் கிளறினா. உள்ள கருப்பா, ஒரு காசு அளவுக்கு ஒரு புள்ளி. மெல்லிசா புகை எழுந்துச்சு. காத்து பட்டதும் அதோட ஓரம் சிவந்து, மெதுவா வெளிப்பக்கம் நகர ஆரம்பிச்சுது.

மாமா எழுந்து வந்து எட்டிப் பாத்தார். மூணு பேரும் குனிஞ்சு அந்தப் புள்ளியைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. சிராய் பக்கெட் தண்ணியை ஊத்தினா. ‘சுர்’ருன்னு அடங்கிச்சு.

“அடிப்பாவி”ன்னாங்க அம்மா மெதுவா. “நீ வரலன்னா மறுபடியும் போயிருக்குமே எல்லாம்.” நெஞ்சுல கை வெச்சுக்கிட்டாங்க. “உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

வீடியோவுல பாத்தேன்னு சொன்னா போதும். அந்தப் பொய் ரெடியா நாக்கு நுனியில இருந்துச்சு. அதோட மாமாவும் வாயைத் தொறந்துட்டார், எத்தனையோ நாள் கழிச்சு.

“இன்ஜினியராச்சே நம்ம சிராய். அவளுக்குத் தெரியாம இருக்குமா”ன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்துல அந்தப் பழைய சிரிப்பு லேசா வந்துச்சு. அந்தச் சிரிப்பை அவளால பாக்க முடியல.

“அன்னிக்கும் இதுதான்”னா. “மாமா சிகரெட் இல்ல. நான்தான் போல்ட்டைத் தேய்ச்சேன். இதே மாதிரி பொறி வந்துச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன்.”

பக்கத்து வீட்டுக் குழாய்ல தண்ணி பிடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அம்மா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே படியில உக்காந்தாங்க. கத்துவாங்கன்னு சிராய் காத்துக்கிட்டு இருந்தா. கத்தல. அவளைப் பாக்கவே இல்ல, மாமாவைத்தான் பாத்தாங்க. அப்புறம் இடுப்புல செருகியிருந்த சாவியை எடுத்து, படியில தனக்கும் அவருக்கும் நடுவுல வெச்சாங்க.

“டேய்”ன்னாங்க. முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு எழுந்து உள்ள போயிட்டாங்க.

மாமா சாவியை எடுக்கல. ஈரத் தூளைச் செருப்பு நுனியால தள்ளிக்கிட்டே இருந்தார். இடது கையில ஆறின இடம் பளபளன்னு, மத்த தோலோட சேராம தெரிஞ்சுது.

“நான் மிதிச்சேன்”ன்னார், யார்கிட்டயோ சொல்ற மாதிரி. “மிதிச்சது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. எல்லாரும் சொல்லவும், நான் மிதிக்கலையோன்னு எனக்கே தோணிப் போச்சு. தினம் ராத்திரி மனசுக்குள்ளயே அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் மிதிச்சுப் பாத்துட்டு வருவேன்.”

“மாமா, என்னை அடிச்சுடுங்க.”

“அடிச்சா உனக்கு நல்லா இருக்கும். எனக்கு?” தூளைத் தள்ளறதை நிறுத்திட்டுக் கேட்டார். “உங்க அத்தைக்குத் தெரியுமா?”

அத்தைக்குக் குடுத்த வாக்கு ஒரு பக்கம். இன்னொரு பொய்யை இந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணுமான்னு ஒரு பக்கம். அவ ஒண்ணும் சொல்லாம நின்னதே அவருக்குப் போதுமா இருந்துச்சு. ஆனா அது போதும்னு அவளுக்குத் தோணல.

“தெரியும்”னா. “நான்தான் சொன்னேன். நீங்க இருமாம தூங்கறீங்கன்னு சொன்னாங்க.”

நெருப்பு விஷயத்துக்கு மாறாத முகம் அதுக்கு மாறிச்சு. மாமா தலையைத் திருப்பிக்கிட்டு, சந்துக்கு அந்தப் பக்கம் தெரியுற மாடி ஜன்னலைப் பாத்தார். தையல் மெஷின் ஓடுற சத்தம் லேசா வந்துக்கிட்டு இருந்துச்சு. அவர் சிரிக்கிறாரா அழறாரான்னு அவளுக்குத் தெரியல. தோள் மட்டும் ஒரு தடவை குலுங்கிச்சு.

அப்புறம் குனிஞ்சு சாவியை எடுத்தார்.

“இங்க பாரு. இரும்புக்குன்னு தனியா ஒரு வட்டு செய். அதை மாட்டும்போது குழாய் கூடாது, பை கூடாது, ரூம்ல ஒரு துளி தூள் இருக்கக் கூடாது. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.” உள்ள போகப் போனவர் நின்னார். “உங்க அத்தைக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்ங்கறது அவளுக்குத் தெரிய வேணாம்.”

“ஏன் மாமா?”

“தெரிஞ்சா அவ என் முகத்தைப் பாக்க மாட்டா. இத்தனை வருஷமா அவ முகத்தைப் பாத்துத்தான் சோறு சாப்பிடறேன். போ.”

அன்னிக்கு சாயங்காலம் ரெண்டு லேத்தும் ஓடுச்சு. அம்மாவும் மாமாவும் முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நின்னாங்க. ஆனா ஒரு தடவை அம்மா, “டேய், அந்தச் சின்ன உளியைக் குடு”ன்னு நேரா கேட்டாங்க. சிராய்கிட்ட மட்டும் ரெண்டு பேரும் பேசல. அது நியாயம்தான்னு அவளுக்குத் தோணிச்சு. மூலையில உக்காந்து கையாலயே தேய்ச்சா.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மேலேருந்து கூப்பிட்டாங்க. கதவைச் சாத்தினாங்க.

“சொல்லிட்டியாமே. உங்க அம்மா வந்து ஒரே அழுகை.”

“ம்.”

“மாமா என்ன சொன்னார்?”

“இரும்புக்குத் தனி வட்டு செய்யச் சொன்னார்.”

அத்தை விரல்ல சுத்தியிருந்த நூலை அவுத்து மறுபடியும் சுத்தினாங்க.

“எனக்கு முன்னாடியே தெரியும்னு… அது அவருக்குத் தெரியுமா?”

இந்தப் பாழாப் போன வீட்டுல பொய் சொல்லாம ஒரு நாள் முழுசாப் படுக்க முடியாதான்னு சிராய்க்கு வெறுத்துப் போச்சு. அத்தை அவ முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்குற பிள்ளை மாதிரி.

“தெரியாது அத்தை.”

அத்தை நிம்மதியா மூச்சு விட்டாங்க. ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷின் முன்னால உக்காந்து, நூலை நாக்குல நனைச்சு ஊசி கிட்ட கொண்டு போனாங்க. போகல. இன்னொரு தடவை, அதுவும் போகல.

“வெளிச்சம் இல்ல. நீ கோத்துக் குடேன்.”

சிராய் நூலை வாங்கினா. விரல் நுனி மழுங்கி இருந்ததால நூல் கையில இருக்கறதே தெரியல. ஊசிக் கண்ணைத் தவிர வேற எதையும் பாக்காம, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கோத்தா. கோத்து முடிச்சதுக்கப்புறமும் தலையைத் தூக்கல.